மார்த்தாண்டத்தில் ஒரு சிடெட் வார இறுதிப் பயிற்சி வகுப்பு: சேர நினைப்பவர்களுக்காக ஒரு மதிப்புரை

மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு என்னும் சிடெட் தேர்வுக்காக மார்த்தாண்டத்தில் சனி, ஞாயிறு நாட்களில் நடைபெறும் ஒரு பயிற்சி வகுப்பில் முழுப் பருவமும் படித்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கணிதத்தில் பி.எட். முடித்து, தனியார் பள்ளி ஒன்றில் நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கில வழியில் படித்து, கேள்வித்தாளைத் தயக்கமின்றி வாசிக்கக்கூடியவர்களுக்கு இந்த வகுப்பே தேவையில்லை என்பது என் எண்ணம். மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஒரே மாடியில் மிக நல்ல வகுப்பும் மிக மோசமான வகுப்பும் அடுத்தடுத்து நடக்கின்றன. பெயரைச் சொன்னால் வாசிப்பவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் குறை அட்மிஷன் போடும் இடத்திலேயே தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஆசிரியர் பயிற்சி முடித்த ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆகவே ‘டெட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பணத்தோடு வந்து நிற்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் எந்த டெட், எந்தப் பள்ளியில் வேலை பார்ப்பதற்கு என்று மையத்தில் யாரும் கேட்பதில்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் சேர விரும்புபவர் எழுத வேண்டியது ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் மாநிலத் தகுதித் தேர்வு. அதில் தேறிய பிறகும், 2018-இல் வெளியான அரசாணை 149-இன்படி, நியமனத்துக்கெனத் தனியே ஒரு போட்டித் தேர்வு இருக்கிறது. சிடெட் தேர்வை நடத்துவது சிபிஎஸ்இ. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கும், ஒன்றியப் பிரதேசங்களின் பள்ளிகளுக்கும், ஏற்றுக்கொள்ளும் தனியார் பள்ளிகளுக்கும் அது உரியது. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகளே இல்லை. எனவே இங்கிருந்து சிடெட் எழுதுபவர், நாகர்கோவிலில் உள்ளதைப் போன்ற கேந்திரிய வித்யாலயாக்களையோ, சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நடக்கும் தனியார் பள்ளிகளையோ, களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் பக்கத்துப் பள்ளிகளையோ மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார். இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லியிருந்தால் என் வகுப்பில் சிலர் சேர்ந்திருக்கவே மாட்டார்கள். கருங்கல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு அக்கா, அரசுத் தொடக்கப்பள்ளி வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது என்பதைப் பாதிப் பருவம் கடந்த பிறகு, அதுவும் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டபோது, “படிச்ச படிப்பு வீணாப் போவாது” என்ற பதில்தான் கிடைத்தது.

2025 முதல் இந்தக் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. பணி ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களாயினும், 2 ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. அதற்கும் குறைவான காலம் உள்ளவர்கள் பணியில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேறியாக வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியை அதே தீர்ப்பு பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. திருச்சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அந்த ஒரு வரி எத்தனை குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலை நரைத்த ஆசிரியர்கள் சிலர் எங்கள் வகுப்புக்கு வந்து, ஓரமாக அமர்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கி, யாருக்கு எது பொருந்தும் என்று விளக்கியிருந்தால் மையத்தின் மீதான மதிப்பு உயர்ந்திருக்கும். நோட்டீஸ் கொடுத்ததோடு சரி.

இனிப் பாடங்களுக்கு வருகிறேன். தாள் 1 ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கும், தாள் 2 ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கும் உரியவை. ஒவ்வொன்றிலும் 150 கேள்விகள், 150 நிமிடங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்ற பகுதி இரண்டு தாள்களுக்கும் பொதுவானது. அதன் 30 மதிப்பெண்களில் 15 குழந்தை வளர்ச்சிக்கும், 5 உள்ளடக்கிய கல்விக்கும், 10 கற்றல், கற்பித்தல் முறைகளுக்கும் உரியவை.

இந்தப் பகுதிக்கு மையத்தில் நடக்கும் வகுப்பு என்னைப் பெரிதும் ஏமாற்றியது. அறிவு வளர்ச்சி பற்றிய பியாஜேயின் நான்கு பருவங்களும் அவற்றுக்குரிய வயதுகளும், ஒழுக்க வளர்ச்சி பற்றிய கோல்பர்க்கின் மூன்று நிலைகளும் ஆறு படிகளும், கார்ட்னரின் பன்முக அறிவுத்திறன்களும் வரிசையாகக் கரும்பலகையில் ஏறும், அனைவரும் எழுதிக்கொள்வோம், அடுத்த வாரம் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிப்பதில் தவறில்லை. ஆனால் தேர்வு கேட்பது வேறு. ‘ஒரு மாணவி தனியாக ஒரு கணக்கைப் போட முடியாமல் திணறுகிறாள், பக்கத்தில் இருக்கும் தோழி ஒரு சிறு குறிப்புக் கொடுத்ததும் போட்டுவிடுகிறாள், இதை விளக்கும் கருத்து எது?’ என்ற போக்கில்தான் கேள்விகள் அமையும். வைகாட்ஸ்கியின் பெயரும், தனியாகச் செய்ய முடியாததைப் பிறர் உதவியோடு செய்ய முடிகிற எல்லையைக் குறிக்கும் அவருடைய அண்மை வளர்ச்சி மண்டலம் என்ற கருத்தும் எங்கள் குறிப்பேட்டில் இருந்தன. இந்த மாணவியை அந்தக் கருத்தோடு பொருத்திப் பார்க்கும் பயிற்சி மட்டும் இல்லை. மாதிரித் தேர்வில் இப்படிப்பட்ட ஒரு கேள்வி வந்தபோது, பருவங்களின் வயதுகளைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்களே பியாஜேயைக் குறித்துவிட்டு வந்தார்கள்.

இதற்கு ஈடாக ஆசிரியர் ஒரு குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுத்தார்: குழந்தையைத் திட்டாத, தண்டிக்காத, மற்றவரோடு ஒப்பிடாத விடை எதுவோ அதைக் குறித்துவிட வேண்டும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் இதில் ஓரளவு உண்மை உண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், 2009-இல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டமும் வகுத்த பார்வையில்தான் இந்தத் தேர்வின் கேள்விகள் அமைகின்றன. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தைகளை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. ஆகவே பிரம்பு வாசனை அடிக்கும் விடைகளை முதலில் கழித்துவிடலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நான்கு விடைகளுமே கனிவாக இருக்கும்போது வருகிறது. எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் குழந்தைக்குக் கூடுதல் நேரம் தருவதா, வாய்மொழியாக விடை சொல்ல வைப்பதா, பாராட்டி ஊக்குவிப்பதா, பெற்றோரை அழைத்துப் பேசுவதா என்று கேட்டால் கனிவு மட்டும் கைகொடுக்காது. அந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மதிப்பெண் உள்ள உள்ளடக்கிய கல்விப் பகுதியை எங்கள் வகுப்பில் ஒரே பிற்பகலில் முடித்துவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறானது கணித வகுப்பு. இந்த மையத்துக்குச் செல்வதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இந்த வகுப்புதான். தாள் 2-இல் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60 மதிப்பெண்கள். ஒவ்வொன்றிலும் 20 பாட அறிவுக்கும் 10 கற்பித்தல் முறைக்கும் செல்கின்றன. அந்தப் பத்தைத்தான் பி.எட். படித்தவர்களும் கோட்டைவிடுவார்கள். ஒரு நாள் சார் ஒரே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதினார். ஆறாம் வகுப்பு மாணவன் 0.35 என்பது 0.5-ஐ விடப் பெரியது என்கிறான். ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? கவனக்குறைவு என்று சொல்லி மேலும் பத்துக் கணக்குகள் கொடுப்பது, 0.5-க்குப் பின்னால் ஒரு பூச்சியம் போட்டு ஒப்பிடும் விதியைச் சொல்வது, நன்றாகப் படிக்கும் மாணவனைக் கொண்டு விளக்கச் செய்வது, முழு எண்களை ஒப்பிடும் பழக்கத்தைத் தசமத்துக்கும் அவன் கொண்டுவருகிறான் என்று உணர்ந்து இடமதிப்பை உருவமாகக் காட்டுவது என நான்கு விடைகள். கடைசி விடைதான் சரி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எதை வைத்துக் காட்டுவீர்கள் என்று அவர் கேட்டதும், வகுப்பில் பாதிப் பேர் பணத்தைச் சொன்னோம்: அரை ரூபாய் என்றால் 50 பைசா, 0.35 என்றால் 35 பைசா, முடிந்தது.

“அப்பவும் பய ஐம்பதையும் முப்பத்தஞ்சையும்தானே பாக்கான்? தசமத்த எங்க பாத்தான்?” என்று கேட்டார் சார். பைசாவாக மாற்றியதும் கணக்கு மீண்டும் முழு எண்ணாகிவிடுகிறது. மாணவன் சரியான விடையைச் சொல்வான், தவறான எண்ணம் அப்படியே இருக்கும். பிறகு பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தை வரைந்து, ஐந்து வரிசைகளை ஒரு நிறத்திலும், மூன்று வரிசைகளோடு ஐந்து கட்டங்களை இன்னொரு நிறத்திலும் தீட்டிக் காட்டினார். ஒரு பொழுது முழுவதும் அந்த ஒரே கேள்வியில் போனது. ‘போர்ஷன் முடியவில்லை’ என்று அன்று முணுமுணுத்தவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை, அடுத்த திங்கட்கிழமை என் சொந்த ஆறாம் வகுப்பில் நான் பாடம் எடுத்த விதமே மாறியது. ஒரு தேர்வுப் பயிற்சி வகுப்பிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மொழி வகுப்பைப் பற்றிச் சொல்லும் முன், தமிழ் வழியில் படித்தவர்கள் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ் உட்பட 20 மொழிகளில் சிடெட் எழுதலாம் என்று விளம்பரங்களில் படித்துவிட்டு, கேள்வித்தாள் முழுவதும் தமிழில் இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். அப்படி இல்லை. முதன்மைக் கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கும். குழந்தை வளர்ச்சியையும் கணிதத்தையும் அறிவியலையும் நாம் ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும். அந்த 20 மொழிகளும் மொழிப் பகுதிகளுக்கு மட்டுமே உரியவை. மாநிலத் தகுதித் தேர்வில் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதையும், அதற்கு மூன்று மணி நேரம் கொடுப்பதையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இதை இந்த மையத்தின் ஆங்கில ஆசிரியை நன்றாக அறிந்திருக்கிறார். இலக்கணத்தில் நேரத்தைச் செலவிடாமல், கேள்வியை வாசிப்பதையே பாடமாக வைத்திருக்கிறார். மறுத்துக் கேட்கும் கேள்விகளில் ‘not’ போன்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பேனாவால் சுற்றிய பிறகுதான் விடைகளுக்கே போக வேண்டும் என்பது அவர் விதித்த சட்டம். “மக்களே, விடையப் பாக்காண்டாம், கேள்விய ரெண்டு மட்டம் வாசியுங்க” என்று அவர் சொல்லாத வகுப்பு இல்லை. மொழி 1, மொழி 2 என எதை எங்கே தேர்ந்தெடுப்பது என்பதிலும் அவருடைய அறிவுரை பயன்பட்டது. மொழி 1-இல் ஓர் உரைநடை அல்லது நாடகப் பகுதியும் ஒரு கவிதையும் வரும். மொழி 2-இல் இரண்டுமே உரைநடை. ஆங்கிலக் கவிதையைக் கண்டால் கலங்குபவர்கள் தமிழை மொழி 1 ஆகவும் ஆங்கிலத்தை மொழி 2 ஆகவும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிட வேண்டும் என்றார். விளவங்கோடு வட்டத்தில் மலையாள வழியில் படித்த இருவர் வகுப்பில் இருந்தார்கள். அந்தப் பட்டியலில் மலையாளமும் உண்டு என்பதை எடுத்துச் சொல்லி, அவர்களைத் தமிழோடு மல்லுக்கட்ட விடாமல் தடுத்தார். மொழிப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் பாதி, அதாவது 15 மதிப்பெண்கள், மொழி கற்பித்தல் முறைக்கு உரியவை. இதற்கு மட்டும் அவர் தனிக் குறிப்பு எதுவும் கொடுக்கவில்லை.

அச்சிட்டுக் கொடுக்கும் பாடக் குறிப்புகளை நம்பிப் படிக்க வேண்டாம். பழைய நகலையே ஆண்டுதோறும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது இரண்டு இடங்களில் வெளிப்பட்டது. சான்றிதழ் 7 ஆண்டுகளுக்குச் செல்லும் என்று அதில் இருக்கிறது. 2021-இலேயே அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் என்று மாற்றப்பட்டு, 2011 முதல் தேறியவர்களுக்கும் அந்த மாற்றம் பொருந்தும் என அறிவிக்கப்பட்டது. இரண்டாவது பிழை இன்னும் பெரியது. பி.எட். முடித்தவர்கள் தாள் 1 எழுதித் தொடக்கப்பள்ளி ஆசிரியராகலாம் என்று குறிப்பேடு சொல்கிறது. 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அப்படி ஓர் அனுமதி கொடுத்தது உண்மை. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தொடக்க வகுப்புகளுக்கு டி.எல்.எட். என்னும் தொடக்கக் கல்விப் பட்டயம் அல்லது அதற்கு நிகரான பட்டயமே தகுதி. பழைய குறிப்பை நம்பி இரண்டு தாள்களுக்கும் பணம் கட்டினால், பொதுப் பிரிவினருக்கும் ஓபிசி பிரிவினருக்கும் 1,000 ரூபாயில் முடிய வேண்டியது 1,200 ரூபாயாகும் என்பது சிறிய இழப்புதான். கைக்கு உதவாத ஒரு தாளுக்காகப் படிக்கும் மாதங்களே பெரிய இழப்பு. இதைச் சுட்டிக்காட்டிய பிறகும், அடுத்த பேட்சுக்கு அதே நகல்தான் கொடுக்கப்பட்டது.

அதே சமயம், சான்றிதழ் விஷயத்தில் அலுவலகம் அக்கறையோடு நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். பொதுப் பிரிவினர் 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண் பெற வேண்டும். சலுகை உள்ள பிரிவினருக்கு 82 போதும். மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மத்திய அரசின் ஓபிசி பட்டியலும் வெவ்வேறானவை என்பதால், இ-சேவை மையத்துக்குப் போவதற்கு முன் எந்தப் படிவத்தைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விளக்கினார்கள்.

மாதிரித் தேர்வுகள் உண்மையான தேர்வுக்கு மிக நெருக்கமாக அமைந்திருந்தன. ஓஎம்ஆர் தாள், பந்துமுனைப் பேனா, 150 நிமிடங்கள் முடிந்ததும் தயவுதாட்சணியமின்றித் தாளை வாங்கிவிடுவது என எதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்பது காகிதத்தில்தான் சரியாக இருக்கிறது; மொழிப் பகுதிகளின் நான்கு பத்திகளையும் வாசிக்கும் நேரத்தைக் கழித்துவிட்டால், கணிதத்துக்கு மூச்சுவிட இடமிருக்காது. வாசிப்புப் பகுதிகளைக் கடைசிக்குத் தள்ளியவர்கள் நேரமில்லாமல் குருட்டாம்போக்கில் வட்டங்களை நிரப்பியதையும், முதலில் முடித்தவர்கள் நிதானமாக எழுந்து வந்ததையும் ஒவ்வொரு தேர்விலும் பார்க்க முடிந்தது. விடைகளைப் பற்றிய கலந்துரையாடல்தான் போதவில்லை. சரியான விடை எது என்று சொல்வார்கள். மற்ற மூன்றும் ஏன் தவறு என்று கணித சாரைத் தவிர வேறு யாரும் சொல்வதில்லை.

நேர ஒழுங்கு இந்த ஊருக்கு ஏற்றதாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையும் திருப்பலியும் முடிந்து வருபவர்களுக்காக அன்று பிற்பகலில்தான் வகுப்பு. குலசேகரம், கருங்கல் பக்கத்துப் பேருந்துகளைப் பிடிக்க வேண்டியவர்களை இருட்டுவதற்குள் விட்டுவிடுகிறார்கள். அறையில் மின்விசிறிகள் போதுமானவை. கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது.

கட்டணம் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஆகிறது. முழு வகுப்புக்கும் அதைக் கொடுக்கலாமா என்றால், தாள் 2-இல் கணிதம், அறிவியலைத் தேர்ந்தெடுக்கும் தமிழ் வழி மாணவர்களுக்கு மட்டும் ஆம் என்பேன். சமூக அறிவியல் பிரிவினருக்கு அந்த 60 மதிப்பெண்களுக்கும் தனி ஆசிரியரே இல்லை; பொது அறிவு எடுப்பவரே அதையும் பார்த்துக்கொள்கிறார். தாள் 1 எழுதுபவர்கள் சூழ்நிலையியலுக்கு என்சிஇஆர்டி-யின் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பாடப்புத்தகங்களை வாங்கி, குடும்பம், உணவு, உறைவிடம், நீர், பயணம் என்று சிடெட் பாடத்திட்டத்தில் வரும் தலைப்புகளை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். வகுப்பில் அந்தப் புத்தகங்களை யாரும் திறக்கவில்லை. முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்கள் சிடெட் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றை அச்சிட்டு மையத்தில் தனி விலைக்கு விற்கிறார்கள், வாங்க வேண்டாம்.

பணத்தைப் பார்த்துச் செலவு செய்ய வேண்டியவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வகுப்பில் சேராமல் மாதிரித் தேர்வுகளை மட்டும் எழுதுவதற்கு மையம் அனுமதிக்கிறது. கட்டணமும் மிகக் குறைவு. நோட்டீஸிலோ சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பிலோ இது இருக்காது. அட்மிஷன் மேசையில் நேரடியாகக் கேட்க வேண்டும். முதலில் இல்லை என்பார்கள், ‘டெஸ்ட் பேட்ச்’ என்று சொல்லிக் கேட்டால் ரசீது போட்டுக் கொடுப்பார்கள்.